த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிள் சுட்ட அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

பழைய கேடட்:
என்சிசியில் எங்களுக்குச் சிறிய .22 துப்பாக்கிதான் பழக்கம். ஒரு முகாமில் மட்டும் த்ரீ நாட் த்ரீ கொடுத்தார்கள், வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த மார்க் 3 ரகம். சத்தம், தோளில் விழும் இடி எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். என் மனசில் நிற்பது வேறு. பக்கத்தில் படுத்திருந்த பையன் முதல் ரவுண்டு சுட்டுவிட்டு போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயைத் திறந்து மூடும் கைப்பிடித் தண்டை, தூக்கி இழுத்தான், லேசாக வந்தது, காலி கேஸ் தெறித்தது. திரும்ப முன்னால் தள்ளும்போது கடைசியில் ஸ்பிரிங் எதிர்த்தது, கையை அப்படியே நிறுத்திவிட்டான். பயிற்சி கொடுத்த உஸ்தாத் அவன் கைமேல் தன் உள்ளங்கையை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளி மடக்கினார். ஜெர்மன் துப்பாக்கியான மவுசர் 98-ல் போல்ட்டைத் திறக்கும்போதே சுடும் ஊசியின் ஸ்பிரிங் ஏறிவிடும், இதில் மூடும்போதுதான். இப்படி ஏன் வைத்தார்கள்? இன்றும் அதையே யோசிக்கிறேன்.

ஆயுதப்படை ஓய்வு:
வேகத்துக்குத்தான் தம்பி. திறக்கும் கைக்கு வேலை குறைவு, போல்ட்டையும் கொஞ்சம் தூக்கினால் போதும். ஆனால் எனக்கு இந்தத் துப்பாக்கி மேல் ஒரு கோபம் உண்டு. வருடாந்திர ஃபயரிங்கில் என் பக்கத்துக்காரருக்கு அடுத்த ரவுண்டு ஏறவே இல்லை. போல்ட்டை இடிக்கிறார், அசையவில்லை. தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றிப் பார்த்தால் மேல் தோட்டாவின் அடியில் துருத்தும் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக் கிடக்கிறது. எதிரே ஒருத்தன் நின்றிருந்தால் அவர் கதி என்ன? இதைத்தான் எங்கள் கையில் இத்தனை வருஷம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

பித்தளைத் தகடு:
ஐயா, அது துப்பாக்கியின் குற்றம் இல்லை, ரவுண்டு நிரப்பியவர் குற்றம். ஒவ்வொரு தோட்டாவையும் போடும்போது அதன் விளிம்பு கீழே இருப்பதற்கு முன்னால் உட்கார வேண்டும். ஐந்து தோட்டா பிடிக்கும் சார்ஜர் கிளிப்பில் ஏற்றினாலும் அதே கவனம்தான். என் அப்பா ஆர்மரர், துப்பாக்கி பழுது பார்ப்பவர். ஒருநாள் ஒரு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாய்ப்பக்கத்தைக் காட்டினார், ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து கோணலாக இருந்தது. துடைக்கிற கயிற்றைச் சாய்த்து இழுத்ததன் விளைவு! தயவுசெய்து கயிற்றை நேராக இழுங்கள். பழைய ரவுண்டின் பற்றவைக்கும் மருந்து குழலில் உப்பு விடும், அதைச் சுட்டால் அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் எண்ணெய் போடுங்கள், எண்ணெய் மட்டும் போட்டால் அந்த உப்பு போகாது. போல்ட்டில் உள்ள எண்ணும் துப்பாக்கி உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், மாற்றிப் போட்ட போல்ட் ஆபத்து. டிபி என்று குத்தியிருந்தால் அது டிரில்லுக்கு மட்டும், அதில் ரவுண்டு போடவே கூடாது.

ஆயுதப்படை ஓய்வு:
நிரப்பத் தெரியும் தம்பி, ஓடிக்கொண்டே இருட்டில் நிரப்பிப் பாருங்கள். ஜெர்மன்காரன் விளிம்பு இல்லாத தோட்டா வைத்தான், இந்தச் சிக்கலே இல்லை. நம் இஷாப்பூரிலும் 1960களில் இதே துப்பாக்கியை விளிம்பில்லாத 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி 2ஏ என்று செய்தார்கள், பன்னிரண்டு ரவுண்டு மேகசின். அதை நிறையச் சுட்டிருக்கிறேன், விளிம்பு மாட்டி நின்றதே கிடையாது.

இடதுகை:
போல்ட் வலப்பக்கம். இடது தோளில் வைத்துச் சுடுகிற நான் ஒவ்வொரு ரவுண்டுக்கும் துப்பாக்கிக்கு மேலாகக் கையைக் கொண்டுபோக வேண்டியிருந்தது, அதற்குள் குறி போய்விடும். நாலு கிலோ கனம் வேறு. வலது தோளுக்கு மாறச் சொன்னார்கள், மாறினேன், வலது கண்ணில் குறிமுனை தெளியவே இல்லை. இடதுகைக்காரர்கள் வேறு யாராவது இதைச் சுட்டிருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.