புதுப்பிப்பு: கிடார் அண்ணனோட கேசட் கிடைச்சிடுச்சு

சொந்தமா பாட்டு கட்டி, காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் சின்னச் சின்ன மேடையில பாடி, ஒரு ஆல்பம்கூட விடாம போயிட்ட கிடார் அண்ணனோட கச்சேரிப் பதிவு யார்கிட்டயாவது இருக்கான்னு முன்னாடி கேட்டிருந்தேன். குடியாத்தத்துல இருந்து ஒரு அக்கா ஒரு பை நிறைய கேசட் கொடுத்து விட்டாங்க.

எல்லாம் சி-90, பக்கத்துக்கு 45 நிமிஷம். பூஞ்சை பிடிச்சதை டெக்குல (கேசட் ஓட்டுற மெஷின்ல) போடல. போட்டா டேப்பைப் படிக்கிற ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஒண்ணு மட்டும் போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி மந்தமா கேட்டுச்சு. இரைச்சலைக் குறைக்கிற டால்பி சுவிட்சை அணைச்சு, மோனோவுல வச்சு, ஹெட் பக்கத்து ஸ்க்ரூவை மெல்லத் திருப்பினதும் சட்டுனு 'ச'வும் 'ஸ'வும் தெளிவாச்சு.

பாலாறு பாட்டு ரெண்டு கேசட்டுல இருக்கு. ஒண்ணுல வேகம் ஜாஸ்தி. மோட்டார் கோளாறுன்னா சுருதியும் ஏறியிருக்கணும், ஏறல. அண்ணனேதான் விரட்டியிருக்கார்! நடுவுல கரண்ட் போகுது. "கை தட்டுங்கப்பா, தாளம் உங்களோடது"ங்கறார். மைக் இல்லாமலே முடிக்கிறார். எனக்கு அதுதான் உசத்தி.

எல்லாத்தையும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) ஆடியோ ஃபைலா ஏத்தியிருக்கேன். இரைச்சலை வழிக்கச் சொல்லாதீங்க, கைதட்டலும் சேர்ந்து போயிடும். அண்ணன் வீட்ல சம்மதம் சொல்லிட்டாங்க, அவர் யாரையோ திட்டுற இடத்தைத் தவிர. அவரோட ஆம்பூர்க் கச்சேரி கேசட் வச்சிருக்கறவங்க பழைய டெக்குல ஓட்டிப் பாக்காம அப்படியே கொடுங்க.