குருநாகலுக்கு இடமாற்றம்: யாழ்ப்பாணத்து வங்கிக் கணக்கை என்ன செய்வது?

கேள்வி – கொக்குவில் வாசகி

அனைவருக்கும் வணக்கம். அரச திணைக்களமொன்றில் பணியாற்றும் எனக்கு அடுத்த மாதம் முதல் குருநாகலுக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளாவது அங்கே இருக்க வேண்டிவரும். பதினைந்து ஆண்டுகளாக என் சம்பளம் யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரே கிளைக்குத்தான் வருகிறது. அம்மாவும் நானும் கூட்டாக வைத்திருக்கும் நிலையான வைப்பும், வீட்டுக் கூரையைத் திருத்துவதற்காகச் சென்ற ஆண்டு அடகு வைத்த ஒரு சோடிக் காப்பும் அதே கிளையில் இருக்கின்றன. குருநாகலில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் அறைக்கு அருகில் இந்த வங்கிக்குக் கிளை இல்லை. வேறு இரண்டு வங்கிகள் இருக்கின்றன. புதிய வங்கிக்கு மாறுவதா, இதையே தொடர்வதா? சிங்களம் பேசுவேன், ஆனால் படிவமொன்றை வாசித்து நிரப்பும் அளவுக்குத் தெரியாது.

பதில் 1 – சுன்னாகம், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

தங்கச்சி, வங்கியை மாற்றுவதா என்று கேட்பதற்கு முன்னர், உங்கள் அலுவல்களில் எவை கிளையோடு கட்டப்பட்டவை, எவை கட்டப்படாதவை என்று பிரித்துப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லாமே கிளையின் பேரேட்டில்தான் இருந்தன; 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது சேமிப்புப் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு நடந்தவர்களை நான் அறிவேன். இன்று சேமிப்புக் கணக்கின் இருப்பை நாட்டின் எந்தக் கிளையிலும் பார்க்கலாம், ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு லங்காபே வலையமைப்பினூடாக உடனடியாகப் பணம் அனுப்பலாம், மற்ற வங்கியின் ஏ.ரி.எம். இயந்திரத்திலும் ஒரு சிறு கட்டணத்துடன் பணம் எடுக்கலாம். ஆகவே சம்பளக் கணக்கைப் பொறுத்தவரை அருகில் கிளை இல்லை என்பது பெரிய குறையன்று.

அடகு அப்படியன்று. காப்பு இருப்பது அந்தக் கிளையின் பெட்டகத்தில், மீட்பதும் அங்கேதான். தவணை முடியும் திகதியை அடகுச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏல அறிவித்தல் கொக்குவில் முகவரிக்கே போகும் என்பதால், அதை யார் பிரித்து வாசிப்பார்கள் என்பதையும் யோசித்துவிடுங்கள். நிலையான வைப்பை முதிர்வுக்கு முன்னர் உடைத்தால் வட்டி குறையும். முதிரும்வரை அதைத் தொடவேண்டாம். முதிர்ந்த பின்னரும் அம்மாவின் கையெழுத்துத் தேவைப்படும் பணம் அம்மா நடந்து போகக்கூடிய கிளையில் இருப்பதே நல்லது.

இன்னொன்று, சம்பளத்தைக் காட்டிக் கடன் எடுத்திருந்தால், அது தீரும்வரை சம்பளத்தை அந்தக் கணக்கிற்கே அனுப்புவதாகத் திணைக்களம் உறுதிக் கடிதம் கொடுத்திருக்கும். அப்படியானால் வங்கியின் இசைவில்லாமல் சம்பளத்தை வேறிடத்துக்கு மாற்ற முடியாது.

பதில் 2 – முன்னர் பதுளையில் பணியாற்றியவர்

ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் அருகில் ஒரு கிளை இருப்பதன் அருமை அட்டை தொலைந்த அன்றுதான் தெரியும். பதுளையில் இருந்தபோது என் அட்டையை ஏ.ரி.எம். இயந்திரம் விழுங்கிவிட்டது. அட்டை வழங்கிய வங்கியின் கிளை பக்கத்தில் இல்லாததால், புதிய அட்டை கைக்கு வரும்வரை இரண்டு வாரம் கடன் வாங்கிச் சாப்பிட்டேன். ஆகவே அங்கேயே ஒரு சிறிய சேமிப்புக் கணக்கைத் திறந்து, ஒரு மாதச் செலவை அதில் வைத்திருங்கள் என்பதே என் கருத்து.

திறக்கும்போது இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது முகவரி: அடையாள அட்டையில் கொக்குவில் என்றிருக்கும், நீங்கள் குருநாகலில் என்பீர்கள், மின்கட்டணப் பட்டியலோ வீட்டுக்காரர் பெயரில் வரும். நான் அலுவலகத் தலைவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். புறப்படுவதற்கு முன்னர் நம்முடைய விதானையாரிடமும் வதிவிடச் சான்றிதழ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அடையாள அட்டை இலக்கம். பழைய கணக்கு ஒன்பது இலக்கமும் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய எண்ணில் திறக்கப்பட்டு, உங்கள் கையில் இப்போது பன்னிரண்டு இலக்க அட்டை இருந்தால், புறப்படும் முன்னரே பழைய கிளையில் திருத்துவித்துவிடுங்கள். நான் அதைச் செய்யாததால் கைத்தொலைபேசிச் செயலியில் பதிவுசெய்ய முடியாமல், அதற்காகவே லீவு போட்டு ஊருக்கு வந்தேன்.

பதில் 3 – நல்லூர் வாசகர்

ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் பிரித்து வைத்தால் பாதுகாப்புக் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வங்கி முறிந்தால் வைப்பாளருக்கு இழப்பீடு கொடுக்கும் வைப்புக் காப்புறுதியில் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் கிடைக்கும் உச்சத்தொகை 11 இலட்சம் ரூபாய். கிளைகள் எத்தனையானாலும் எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். அதற்கு மேற்பட்ட தொகை இருந்தால் வேறு வங்கியில் வைப்பதற்கு அர்த்தமுண்டு.

மொழி பற்றி: படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட எதுவுமில்லை. கடன் ஒப்பந்தமோ பிணைப் பத்திரமோ என்றால், வாசித்துச் சொல்ல ஒருவர் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். செயலியின் மொழியையும் தமிழுக்கு மாற்றமுடியுமா என்று பார்த்துவிட்டு வங்கியைத் தெரிவுசெய்யுங்கள். கால் வீத வட்டி வேறுபாட்டைவிட அது உங்களுக்கு அதிகம் உதவும்.

கொக்குவில் வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. சம்பளமும் வைப்பும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அறைக்கு அருகிலுள்ள அரச வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு மட்டும் திறக்கிறேன். அடையாள அட்டை இலக்கம் நீங்கள் சொன்னது போலவே பழையதாகத்தான் பதிவாகியிருக்கிறது, திங்கட்கிழமை போய்த் திருத்துவேன். காப்பை இப்போது மீட்கப் பணமில்லை. நான் அங்கிருக்கும்போது எனக்காக அம்மா போய் மீட்கலாமா?

பதில் 1 – சுன்னாகம், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

அடகு உங்கள் பெயரில் என்றால், உங்கள் கையெழுத்துடன் அதிகாரக் கடிதமும், அடகுச் சீட்டும், இருவருடைய அடையாள அட்டைகளும் கேட்பார்கள். திங்கட்கிழமை போகும்போது அம்மாவையும் கூட்டிச்சென்று அடகுப் பிரிவு அலுவலருக்கு அறிமுகப்படுத்திவிடுங்கள். சீட்டு அம்மாவிடமே இருக்கட்டும், குருநாகலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.