புதுப்பிப்பு: வேலிப் போத்துகளில் எது பிழைத்தது?

கடலூர் பக்கம் எங்கள் கொல்லை வேலிக்கு நட்ட கிளுவை, ஒதியம், பூவரசு, முருங்கைப் போத்துகள் (வேர் பிடிக்க வெட்டி ஊன்றும் கொம்புகள்) எல்லாமே துளிர்த்துவிட்டன என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது ஐப்பசி, கார்த்திகை மழையும் முடிந்துவிட்டது.

துளிரை மட்டும் நம்பாதீர்கள். கொம்பில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தே முதல் இலைகளைத் துளிர்க்க வைத்துவிடும், வேர் அப்புறம்தான். முருங்கையில் அதைக் கண்ணால் பார்த்தேன்: தண்ணீர் நின்ற பள்ளத்தில் அடி அழுகி, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. மேட்டில் நட்டவை நன்றாக இருக்கின்றன. பூவரசு மெதுவாகத்தான் வேர் பிடித்தது, ஆனால் உப்புக் காற்று அடிக்கும் கிழக்கு ஓரத்தில் அதுதான் செழிப்பு. அதிலும் தடித்த கொம்புகள்தான் நின்றன, விரல் பருமன் குச்சிகள் காய்ந்துவிட்டன. கிளுவையில் ஒன்றுகூடப் பழுதில்லை! ஒதியமும் அப்படியே.

காலியான இடங்களில் கிளுவையே ஊன்றப் போகிறேன். பக்கத்தில் யாரிடமாவது முற்றிய கொம்பு இருந்தால் சொல்லுங்கள்.