கையசைவால் பாடம் புரியுமா, வெறும் ஆட்டமா?

தளி_கணக்கு: எங்கள் பக்கம் நிறையப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான் பேசுகிறார்கள். 'இருபுறமும் சமம்' என்று வாயால் எத்தனை தரம் சொன்னாலும் விழிப்பவர்கள், சமக்குறிக்கு அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை வைத்துக் காட்டினால் பிடித்துக்கொள்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியில் இதையும் சேர்க்க வேண்டும்.

அரூரான்: மன்னிக்கணும் சார். கையைக் காட்டினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். புரிந்ததா என்பது பரீட்சைத் தாளில்தான் தெரியும். தமிழ் தடுமாறும் பிள்ளைக்குத் தமிழைச் சொல்லிக்கொடுங்கள், கையைக் காட்டி ஒப்பேற்ற வேண்டாம்.

தளி_கணக்கு: சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் கோல்டின்-மெடோ குழு, 2009. கணக்கு 6 + 3 + 4 = __ + 4 மாதிரி. நம் பிள்ளைகளும் 13 என்றோ, எல்லாவற்றையும் கூட்டி 17 என்றோ எழுதுகிற அதே கணக்கு. இரண்டு விரலை விரித்து 6, 3-க்குக் கீழே வைத்து, அப்புறம் காலி இடத்தைச் சுட்டப் பழக்கினார்கள். 'அந்த இரண்டையும் கூட்டு' என்று யாரும் சொல்லவில்லை. சரியாகக் கை வைத்தவர்கள், கை வைக்காதவர்களைவிட நன்றாகக் கற்றார்கள்.

அரூரான்: அங்கே கை வைத்தது பிள்ளைகள். நீங்கள் கேட்பது வாத்தியார் கைக்குப் பயிற்சி. இரண்டும் ஒன்றா?

ஓசூர்_இயற்பியல்: நியாயமான கேள்வி. அதற்கும் பதில் உண்டு. சூசன் வாக்னர் குக் குழு 2013-இல் ஒரே பாடத்தைக் கையசைவோடும் இல்லாமலும் காணொளியாகக் காட்டியது. கையசைவைப் பார்த்த பிள்ளைகள் மறுநாளும் முந்தி நின்றார்கள்.

எனக்குள்ள சிக்கல் வேறு. நாம் பிள்ளைகளைப் பார்த்து நிற்கிறோம். எண்கோட்டில் மிகை எண் என்று என் வலப்பக்கம் கை நீட்டினால் அவர்களுக்கு அது இடப்பக்கம். நான் ஏற்றிக் காட்டும் கோடு அவர்களுக்கு இறங்கும். மின்னோட்டத்தைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தின் திசையை வலக்கையைச் சுருட்டிக் கண்டுபிடிக்கும் வலக்கைப் பெருவிரல் விதி இன்னும் மோசம்: பிள்ளைகளின் வலக்கையில் பேனா இருக்கும், அதைக் கீழே வைக்கச் சோம்பல்பட்டு இடக்கையைச் சுருட்டிப் பார்த்துத் திசையைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள்.

அரூரான்: இதைத்தானே சொல்கிறேன்!

தளி_கணக்கு: அதனால்தானே பயிற்சி கேட்கிறேன்? பலகைப் பக்கம் திரும்பி நின்று காட்டினால் இடம் வலம் மாறாது.

பாலக்கோடு_டீச்சர்: திரும்பி நின்றால் கடைசி பெஞ்சுக்குக் குரலும் கேட்காது சார். எங்கள் வகுப்பு நெரிசலுக்கு விரலெல்லாம் தெரியவே தெரியாது. முழுக் கையை நீட்டித்தான் காட்டணும்.

அரூரான்: டீச்சர் சொல்வது நடப்பு. பயிற்சி என்றால் எப்படியும் ஒரு சனிக்கிழமை போய்விடும். இந்தப் பயிற்சிக்கு என் ஓட்டு இல்லை.