நோவி டார்க்கில் குளிர்காலப் புகை: ஆஸ்துமா உள்ள குழந்தையோடு எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி: பனிமலை_அம்மா

தெற்கு போலந்தில் நோவி டார்க்கில் இருக்கிறோம், கணவருக்கு இங்கே வேலை. ஜூலையில் வந்தபோது தாத்ரா மலை பால்கனியிலிருந்தே தெரிந்தது, காற்றும் அவ்வளவு சுத்தம். அக்டோபர் பாதிக்கு மேல் எல்லாம் மாறிவிட்டது. சாயங்காலம் இருட்டியதும் தெருவில் வீடு வீடாகப் புகைபோக்கி புகைய ஆரம்பிக்கிறது, ஏழு மணிக்கு எதிர்வீட்டு விளக்கே மங்கலாகத்தான் தெரிகிறது. பையனுக்கு ஆறு வயது, ஆஸ்துமா உண்டு. நேற்று பால்கனியில் காய்ந்த ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன், "கரி நாத்தம் அடிக்குதும்மா" என்று கழற்றிவிட்டான்.

நாங்கள் இருப்பது மாடி வாடகை. கீழே வீட்டுக்காரர், அவருடைய நிலவறையில் பழைய நிலக்கரி பாய்லர். எங்கள் குளியலறைச் சுவரின் மேலே ஒரு காற்றுத் துளை இருக்கிறது, புகை வாடை அது வழியாகத்தான் வருகிறது. அதை டேப் போட்டு அடைத்துவிடலாமா? பெரிய தொழிற்சாலைகூட இல்லாத ஊரில் இவ்வளவு புகை எங்கிருந்து?

பதில்: கிராக்கோவ்_ஒன்பது_வருஷம்

முதலில் அந்தத் துளையை அடைக்காதீர்கள் தங்கச்சி. பாய்லர், கேஸ் கீசர் உள்ள வீட்டில் அதை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், இங்கே அதைச் 'சாட்' என்பார்கள். அதற்கு வாடையே கிடையாது, குளிர்காலம் தவறாமல் ஆட்கள் சாகிறார்கள். ஒரு டிஷ்யூ பேப்பரைத் துளைமேல் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று வெளியே போகிறது, சரி. உள்பக்கம் தள்ளினால் காற்றோட்டம் தலைகீழாக இருக்கிறது, 'கோமினியாஷ்' (புகைபோக்கி ஆள்) வந்து பார்த்தே ஆகவேண்டும். சாட் அலாரம் ஒன்றை இன்றைக்கே வாங்கி மாட்டுங்கள், அது அடித்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து 112-ஐக் கூப்பிடுங்கள்.

புகை முக்கியமாக வீட்டு அடுப்புகளிலிருந்துதான். பழைய பாய்லரை 'கொப்ச்சூஹ்' என்பார்கள், மட்ட நிலக்கரி, ஈர விறகு, சிலர் குப்பையைக்கூட அதில் போடுகிறார்கள். உங்கள் ஊர் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் இருக்கிறது. காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று அடியில் தேங்கும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்காரும், புகைக்குப் போக வழியில்லை. ஹால்னி என்கிற மலைக்காற்று அடித்தால் ஒரே நாளில் தெளிந்துவிடும். இந்தப் புகையில் இருக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீனுக்கு ஐரோப்பிய இலக்கு கன மீட்டருக்கு 1 நானோகிராம், நோவி டார்க்கின் ஆண்டு சராசரி அதைப்போலப் பல மடங்கு போயிருக்கிறது. கிராக்கோவிலும் அப்படித்தான் மூச்சுத் திணறிக் கிடந்தோம், 2019 செப்டம்பர் 1 முதல் நகருக்குள் நிலக்கரி, விறகு இரண்டையும் எரிக்கத் தடை வந்தது, வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

பதில்: ஜிவியெட்ஸ்_வாசி

எங்கள் மகளுக்கும் வீசிங் உண்டு அக்கா. நாள் சராசரியை நம்பாதீர்கள், அந்தந்த மணி நேரத்து அளவைப் பாருங்கள். ஏர்லி என்கிற காற்றுத் தரம் காட்டும் செயலியில் பக்கத்துத் தெரு சென்சாரே காட்டும். இங்கே பிஎம் 10 (காற்றில் மிதக்கும் நுண்தூசு) நாள் வரம்பு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம், 150-ஐத் தாண்டினால்தான் அரசு அபாய எச்சரிக்கை விடும். ஆஸ்துமா குழந்தைக்கு அதுவரை காத்திருக்க முடியாது. நாங்கள் பகல் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் அளவு இறங்கும் நேரம் பார்த்துப் பத்து நிமிடம் ஜன்னலைத் திறப்போம், விளையாட்டும் அப்போதுதான். ஹெப்பா (நுண்தூசைப் பிடிக்கும்) வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானை அவள் படுக்கும் அறையில் மட்டும் வைத்தோம். மார்ச்சில் வடிகட்டியைக் கழற்றியபோது வெள்ளையாக இருந்தது சாம்பல் நிறத்தில் வந்தது, அதை என் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்து அழுகையே வந்துவிட்டது. துணி மாஸ்க் இதற்கு உதவாது, நுண்தூசை வடிகட்டும் எஃப்எஃப்பி2 மாஸ்க் வேண்டும், குழந்தை முகத்துக்குப் பொருந்துகிற அளவில். துணியை உள்ளேயே காயப்போடுங்கள். இன்ஹேலர் அளவை இப்போதே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரி இதைவிட மோசம்.

பதில்: கிராக்கோவ்_ஒன்பது_வருஷம்

வீட்டுக்காரர் விஷயம் விட்டுப்போச்சு. நோவி டார்க் இருக்கிற மாவோபொல்ஸ்கா மாகாணத்தில், எந்த வகுப்பிலும் (எவ்வளவு புகை விடுகிறது என்பதை வைத்துக் கொடுக்கும் தரம்) சேராத பாய்லருக்கு 2024 மே 1 முதல் தடை, 3, 4-ஆம் வகுப்புக்கு 2026 இறுதி வரை அனுமதி. பாய்லரில் ஒட்டிய தகட்டில் வகுப்பு இருக்கும். மாற்ற 'தூய காற்று' திட்டத்தில் மானியம் உண்டு, ஆனால் வீட்டு உரிமையாளர்தான் விண்ணப்பிக்க முடியும். சண்டையாகப் போகாமல் பணம் கிடைக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். விறகு என்றால் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதும் சட்டம்.

கேள்வி கேட்டவர்: பனிமலை_அம்மா

அண்ணா, டிஷ்யூ ஒட்டவே இல்லை, என் கைப்பக்கம் பறந்து வந்தது. கைகால் நடுங்கிவிட்டது. கணவர் உடனே கீழே போய் வீட்டுக்காரரிடம் அதே டிஷ்யூவை வைத்துக் காட்டினார், அவரும் பயந்துவிட்டார், அவர் பேத்தியும் கீழேதான் தூங்குகிறாள். வெள்ளிக்கிழமை கோமினியாஷ் வருகிறார். அலாரம் வாங்கி மாட்டிவிட்டோம், பாய்லர் தகட்டை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், வகுப்பு என்று எதுவும் அதில் இல்லை.