முழங்கை நரம்பு அறுவைக்கான கருவி: கை அறுவை மருத்துவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் செல்லும் அல்நார் நரம்பு அழுத்தப்பட்டு, சுண்டுவிரலும் மோதிரவிரலின் ஒரு பாதியும் மரத்துப்போகும் நோயாளிகளுக்காக, அந்நரம்பின்மேல் கூரைபோல் இறுகியிருக்கும் ஆஸ்போர்ன் பட்டை என்னும் நார்த்திசுவைச் சிறு கீறல் வழியே வெட்டிவிடும் கருவி ஒன்றை வடிவமைத்து வருகிறேன். மழுங்கிய முனையுள்ள அடித்தகடு நரம்பை மூடிக் காக்க, கத்தி அத்தகட்டின் பள்ளத்திலேயே நகரும். அடிப்புறத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது மேற்புறம்தான். முன்கையின் உட்புறத் தோல் நரம்பின் கிளைகள், கொழுப்புக்குள் நூல்போல் ஒளிந்து, கீறலைக் குறுக்கே கடக்கின்றன. ஒன்று அறுபட்டாலும் வலிமிகுந்த நரம்புக் கட்டி உருவாகலாம். அவற்றை ஒதுக்கிப் பிடிக்க, ஒளி ஊடுருவும் மேல்தகடு ஒன்றைச் சேர்த்தால் உங்கள் கைக்கு இடைஞ்சலாக இருக்குமா? முழங்கையை மடக்கிய நிலையில் நரம்பு நசுங்காதிருக்க, அடித்தகடு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? அனுபவமுள்ளோர் அன்புகூர்ந்து எழுதுங்கள்.