கோபி பக்கம் வெயில் ஏறுது, மேற்கே மின்னுது: சூறைக்காத்து வரும் நாளை எப்படிக் கணிக்கிறது?

பவானிக்கரை_வாழை:
வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் கொடிவேரி வாய்க்கால் பாசனம், நேந்திரன் வாழை தார் விட்டு நிக்குது. பங்குனி பிறந்ததுல இருந்து வெயில் ஏறிட்டே போகுது. சாயங்காலமானா மலைப்பக்கம் மின்னுது, மழை இறங்கலை. மழைக்கு முன்னாடி வர்ற காத்துதான் பயம். மொபைல் ஆப் தினமும் "இடியுடன் மழை"ன்னு காட்டுது. நம்பலாமுங்களா?

மேகநோக்கி:
ஆப் காட்டுற அந்த மழைப் படத்தை மட்டும் நம்பாதீங்க. வெயில் மட்டும் இடிமழையைக் கொண்டு வராது, ஈரம் வேணும். விண்டி (Windy) வானிலைத் தளத்துல 850 ஹெக்டோபாஸ்கல் (சுமார் 1.5 கி.மீ. உயரம்) காத்தை எடுத்துப் பாருங்க. வங்கக் கடல்ல இருந்து வர்ற கிழக்குக் காத்தும், கர்நாடகா பக்கமிருந்து வர்ற மேற்குக் காத்தும் உள்மாவட்டங்கள் மேல சந்திச்சா வாய்ப்பு உண்டு. வெறும் மேற்குக் காத்துன்னா வெயில்தான்.

அடுத்து டியூ பாயிண்ட், அதாவது காத்துல இருக்கிற ஈரம் பனியாப் படிய ஆரம்பிக்கிற வெப்பநிலை; இது கூடினா ஈரம் அதிகம்னு அர்த்தம். 22 டிகிரிக்கு மேல இருந்தா மேகம் நல்லா வளரும். அது 17, 18 டிகிரிதான் இருந்து, வெயில் 39 டிகிரி அடிச்சு, மேலே மட்டும் ஈரம் இருந்தா மேகத்தோட அடிப்பகுதி ரொம்ப உயரத்துல இருக்கும். துளி தரைக்கு வருமுன்னே ஆவியாகும், அதுல காத்து குளிர்ந்து கனமாகிக் கீழே கொட்டும். மழையே இல்லாம வாழை சாயறது இப்படித்தான். உங்களுக்கு ஆபத்தான நாள் இதுதான், ஆனா மழை அளவை மட்டும் பாக்கிறவங்க இதைத் தவற விடுவாங்க.

பகல் 12 மணிக்குள்ள தாளவாடி, பர்கூர் மலை மேல மேகம் கோபுரமா எழும்புதான்னு பாருங்க. 2 மணிக்கு மேல வானிலை மையத்தோட 3 மணி நேர மாவட்ட எச்சரிக்கையை விடாம பாருங்க. மேகம் எந்தப் பக்கம் நகரும்னு 700 ஹெக்டோபாஸ்கல் (சுமார் 3 கி.மீ. உயரம்) காத்து ஓரளவு சொல்லும்.

முட்டுக்கழி:
வானத்தைப் பாக்கிறதோட தோட்டத்தையும் தயார் பண்ணுங்க. எச்சரிக்கை உள்ள நாள்ல மடையைத் திறக்காதீங்க. ஊறின மண்ணுல வேர் பிடிப்பு இளகும், மரம் முறியாம வேரோட பேந்துடும்.

சவுக்கு முட்டு 10 அடிக்குக் குறையாம இருக்கட்டும். தார் தொங்கற பக்கம் ஒன்றரை அடி ஆழத்துல நட்டு, மரத்தோட கழுத்துக்குக் கீழே ஒரு கட்டு, நடுத்தண்டுல ஒரு கட்டு. மெல்லிய கயிறு தண்டை அறுத்துடும், பட்டை நாடாவை எட்டு வடிவத்துல சுத்துங்க. கழி பத்தலைன்னா நாடாவால இழுத்துக் கட்டலாம், ஆனா பக்கத்து மரத்தோட அடியில கட்டணும். தலைக்குத் தலை கட்டினா ஒண்ணு சாயும்போது வரிசையையே இழுத்துடும்.

காய்ஞ்ச இலையைக் கழிச்சுடுங்க. பச்சை இலையில கை வைக்க வேண்டாம், தார் பெருக்க எட்டு இலையாவது வேணும்.

பவானிக்கரை_வாழை:
நன்றிங்க. பாதி சாய்ஞ்ச மரத்தைத் தூக்கி நிறுத்தலாமுங்களா?

முட்டுக்கழி:
ஒரு பக்க வேர் அறாம இருந்தா, அடுத்த நாளே மெதுவா நிமித்தி, முட்டுக் கொடுத்து மண் அணைங்க. தண்டு மடங்கினது தேறாது. அதைத் தரையோட வெட்டி, நல்ல பக்கக்கன்னு ஒண்ணை மட்டும் விடுங்க.

மேகநோக்கி:
ஒண்ணு விட்டுப்போச்சுங்க. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 வினாடிக்குக் குறைஞ்சா மின்னல் 10 கி.மீ.க்குள்ள இருக்குன்னு அர்த்தம். கட்டுற வேலை பாதியில நின்னாலும் ஆளுங்களை வீட்டுக்குள்ள அனுப்பிடுங்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சு இறங்கினாப் போதும். மின்னல் எச்சரிக்கை தர்ற தாமினி ஆப்பையும் போட்டு வைங்க.